நான் காணாத பந்து

அமெரிக்க இராணுவ மேஜர் ஒருவருக்குப் பந்தடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் மகன் பிரவின் இதைப் பன்னிரண்டு வயதுவரை நம்பினான். இப்போது அவனுக்கு நாற்பது வயது. இடைப்பட்ட காலத்தில் நான் சொன்ன எதையும் அவன் முழுதாக நம்பியதில்லை.

மேஜரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் ஜெர்மனியில், மன்ஹைம் நகரத்தில் இருந்தோம். அங்கிருந்த அமெரிக்க முகாமின் சமையல்கட்டில் நான் சட்டி கழுவினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் பேஸ்போல் மைதானம். ஒருநாள் மேஜர் மூன்று தரம் மட்டையை வீசி மூன்று தரமும் காற்றை அடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த பெரிய அகப்பையோடு வேலியோரம் போய், பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லே என்ற ஊர் மட்டைப்பந்து விளையாடும்போது நின்ற மாதிரி நின்று காட்டினேன். அடுத்த பந்து மைதானத்தைத் தாண்டி, ரைன் நதியில் போன நிலக்கரிப் படகொன்றில் விழுந்து, ரொட்டர்டாம் வரைக்கும் போனது. படகுக்காரர் அதைத் தபாலில் திருப்பி அனுப்பினார். முத்திரை ஒட்டாமல் அனுப்பியதுதான் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

இதில் சட்டி கழுவியது உண்மை. அகப்பையும் உண்மை.

அதே மைதானத்தில் முழுவதும் உண்மையான ஒரு சம்பவமும் நடந்தது. அதை நான் எங்கேயும் சொல்வதில்லை. பிரவினுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனேன். அடித்த பந்தொன்று துள்ளித் துள்ளி வந்து எங்கள் காலடியில் நின்றது. நான் குனிந்து எடுத்து, கிரிக்கெற் பார்த்து வளர்ந்த எந்த மனுசனும் செய்வதைச் செய்தேன்: மைதானத்துக்குள் திருப்பி எறிந்தேன். நல்ல எறி. சுற்றியிருந்த சனம் எல்லாம், கோயில் உண்டியலைத் தூக்கி ஆற்றில் போட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது. பிரவின் அழத் தொடங்கினான். பேஸ்போலில் சனத்துக்குள் விழுந்த பந்து எடுத்தவருக்கே சொந்தம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அழுகையை நிறுத்துவதற்காக, அந்தப் பந்து நாளைக்கு மேஜருக்குத் தேவை, அதனால்தான் கொடுத்தேன் என்றேன். அவன் நம்பினான். மூன்று வருடம் கழித்து, அந்த மேஜர் என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டான். நான் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துவிட்டேன்.

இந்த வருடம் ஆனி மாதம், நாங்கள் இப்போது இருக்கும் லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஓர் ஆல்-ஸ்டார் பேஸ்போல் ஆட்டம் வந்தது. ஐரோப்பாவின் கழகங்களில் இருந்து பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து மோதுவது. பிரவின் இரண்டு ரிக்கெற் எடுத்தான்.

"வாங்கோ அப்பா. இந்த முறை எறியாமல் பாப்பம்" என்றான்.

போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு ஆட்டம் நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

அவன் குளிர் அறைகள் பொருத்தும் வேலை செய்கிறான். திங்கள் விடியற்காலை விமானத்தில் ஜெர்மனிக்குப் போகிறான், இரண்டு கிழமை. மருமகள் கௌசி காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போய்விடுவாள். ஆகவே என் பேத்தி துஷ்யாவை, ஏழு வயது, மோர்டன் வீட்டில் இருந்து சட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய்க் கூட்டிவருவது என் பொறுப்பு. ஒன்றரை வருடமாகக் கிழமையில் இரண்டு நாள் செய்துவருகிற வேலைதான். எனக்கு எழுபத்திரண்டு வயது. லண்டனில் பதினெட்டு வருடம் டெலிவரி வான் ஓடி, ஒரு கீறலும் விழாமல் வானையும் அதன் திறப்பையும் திருப்பிக் கொடுத்தவன். இதுவும் உண்மை.

சொல்லவேண்டிய விஷயம், எனக்குக் கண் தெரியாது என்பது.

மாசி மாதம் மோர்டனில் கண்ணாடி மாற்றப் போனேன். கடையில் அஜித்தா என்றொரு பிள்ளை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த ஒரு மெசினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் கையில் தந்த பொத்தானை அமத்த வேண்டும். நெடுநேரம் எதுவும் மின்னவில்லை. சோதனையில் வெற்றுத்தாளைக் கொடுப்பது என் பழக்கமில்லை. ஒரு தாளக்கட்டோடு அமத்தத் தொடங்கினேன்.

"அங்கிள், வெளிச்சம் இல்லாத நேரத்தில முப்பத்தொரு தரம் அமத்தியிருக்கிறியள்."

"நான் கண்டனான் பிள்ளை."

"இல்லாததை எப்பிடிக் காணுவியள்?"

"எனக்கு அது பழக்கம்."

சிரித்தாள். பிறகு தாளைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த மெசினுக்குப் பொய் சொல்லேலாது, அங்கிள். சொன்னால் எத்தினை பொய் எண்டு எண்ணிப்போடும். நான் ஒஸ்பிற்றலுக்கு எழுதித் தாறன். கட்டாயம் போங்கோ."

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டது. இடது பக்கம் படுமோசம். போனது வராது, மிஞ்சியதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார் டொக்டர். ஓரத்தில் இருட்டாக ஏதும் தெரியவில்லையே என்று கேட்டேன். இருட்டுத் தெரியாது, தெரியாத இடத்தை மூளை தானாகக் கட்டி நிரப்பிக்கொள்ளும் என்றார். என்னுடைய மூளைதானே. எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது: வாகனம் ஓட்டக்கூடாது, லைசென்ஸ் கந்தோருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

கடிதம் ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம். வியாழக்கிழமை பின்னேரம் துஷ்யாவை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஒரு சந்தியில் இடப்பக்கம் திரும்பினேன். பின் இருக்கையில் இருந்து அவள் "அப்பப்பா!" என்று வீரிட்டாள். கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. முன்கண்ணாடிக்கு அப்பால், ஒரு சாண் தூரத்தில், சைக்கிளில் ஒரு மனிதனின் முகம். அவன் எங்கிருந்து வந்தான் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. பொனற்றில் ஓங்கி அறைந்து, பெற்றோரை இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

கண்ணாடியில் பார்த்தால் துஷ்யா அழப்போகிறாள். நான் சொன்னேன்: "அவர் என்ர பழைய சிநேகிதன். பேர் டேவிட். நாங்கள் இப்பிடித்தான் விளையாடுறனாங்கள். நீ கத்தினபடியால்தான் அவர் வெருண்டுபோனார். கார் ஓடேக்க கத்தக்கூடாது குஞ்சு."

"சொறி அப்பப்பா" என்றாள். "இனிக் கத்தமாட்டன்."

வீடு வரும்வரை வாயில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்காகவும் நித்திரை கெட்டதில்லை. இந்தப் பொய் மட்டும் திங்கட்கிழமையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை நான் கார் எடுப்பேன், இடப்பக்கத்தில் ஏதோ வரும், அவள் காண்பாள், கத்தமாட்டாள்.

கௌசி ஞாயிறு காலையிலேயே எழும்பிப் பத்து மட்டன் ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். கிரிக்கெற் பார்க்கப் போகும்போதெல்லாம் நாங்கள் சோற்றுப் பார்சலே கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கிறோம். கெட்ட செய்தியை வெறுவயிற்றில் சொல்லக்கூடாது என்பதால், டொக்டரின் கடிதத்தை நாலாக மடித்து ரோல்ஸ் பைக்குள், ஈயத்தாளுக்குக் கீழே வைத்தேன். ரோல்ஸ் முடிய அவன் கையில் கடிதம் படும். நான் வாய் திறக்கவே தேவையில்லை.

மைதானத்து வாசலில் காவலுக்கு நின்ற ஒரு பெரிய உருவம் பையைத் திறந்து பார்த்தது.

"இது என்ன, ஐயா?"

"மட்டன் ரோல்ஸ்."

"பத்தா?"

"உங்களுக்கு ஒன்று போக ஒன்பது."

அவர் நல்ல மனிதர். ஆனாலும் வெளிச்சாப்பாடு உள்ளே போகாது, பையும் போகாது, அந்தத் தொட்டிக்குள் போடச் சொன்னார். பிரவின் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, ரிக்கெற்றிலயே எழுதிக்கிடக்கு. இது என்ன கோயில் திருவிழாவே, மோதகம் கட்டிக்கொண்டு வர?"

பையை அவனே வாங்கித் தொட்டிக்குள் போட்டான். கடிதம் அதற்குள் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தும் இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது கவலை அல்ல, நிம்மதி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மைதானம் புதுமாதிரி. கதிரைக்குக் கதிரை கோப்பை வைக்க வளையம். போனில் அமத்தினால் நாங்கள் இருக்கிற இடத்துக்கே ஒரு பெட்டைப்பிள்ளை கச்சான் கடலை கொண்டுவந்து தருகிறாள். எதிரே மூன்று மாடி உயரத்தில் ஒரு திரை. அதில் ஆட்டக்காரனின் மூக்குத்துவாரம் ஒரு கராஜ் அளவு தெரிந்தது. நேரே பார்ப்பதெல்லாம் எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பிரவின் எனக்கு வலப்பக்கம். கச்சானை உடைத்து என் கையில் போட்டுக்கொண்டே, யார் எந்த நாடு, யார் நல்ல எறிகாரன் என்று ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு கதைத்து நான் கேட்டு நெடுங்காலம். மூன்றாவது சுற்று வரைக்கும் பொறுத்தேன்.

"பிரவின்."

"ம்."

"எனக்குக் கண் தெரியேல்லை."

"வெயிலப்பா. தொப்பியை இறக்கிவிடுங்கோ."

"வெயில் இல்லை. பக்கப்பாடு தெரியாதாம். டொக்டர் சொன்னவர்."

திரும்பிப் பார்த்தான். உதட்டோரம் சிரிப்பு வந்தது. "ஆ. சட்டன் கலியாணத்துக் கண்ணோ?"

போன வருடம் சட்டனில் ஒரு கலியாணவீட்டுக்குப் போகச் சோம்பலில் பஞ்சிப்பட்டு, எனக்குத் திடீரென்று கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கௌசி சேலையோடேயே என்னை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய் நாலு மணித்தியாலம் இருத்திவைத்தாள். மூன்றரை மணித்தியாலத்தில் உண்மையைச் சொன்னேன்.

"இது அது இல்லை. கடிதம் வந்தது" என்றேன்.

"எங்க, காட்டுங்கோ பாப்பம்."

"குப்பைத்தொட்டிக்குள்ள. ரோல்ஸோட."

அவன் சிரித்த சிரிப்பில் கச்சான் மடியில் கொட்டியது. முன்னால் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தாள். "நல்லாயிருக்கப்பா. டொக்டற்ர கடிதத்தை ரோல்ஸுக்குக் கீழ வைச்சனீங்கள், அதை நானே தூக்கி எறிஞ்சுபோட்டன். ரொட்டர்டாம் பந்தைவிட இது திறம்."

"பிரவின், நான் உண்மையாச் சொல்லுறன்."

"நாளையில இருந்து துஷ்யாவைக் கொண்டுபோகப் பஞ்சியெண்டால் நேர சொல்லுங்கோவன். இதுக்கு ஏன் கண்ணை இழுக்கிறியள்?"

"பஞ்சி இல்லை."

"பேந்தென்ன?"

வியாழக்கிழமையைச் சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தான். சனம் முழுவதும் எழும்பியது, பிரவினும் எழும்பினான், நானும் எழும்பினேன். உட்கார்ந்தபோது வாய் மூடியிருந்தது. ஏழாவது சுற்றின் நடுவில் எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்துப் பாடுவது இந்த ஆட்டத்தின் வழக்கம் என்று அவன் சொல்லியிருந்தான். அப்போது சொல்கிறேன் என்று எனக்கு நானே தவணை வைத்தேன்.

ஆறாவது சுற்றில் பந்து வந்தது.

அதை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை, ஏனென்றால் நான் காணவில்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. எங்களைச் சுற்றிச் சனம் "ஓ" என்றது. பந்து எங்கே போகிறது என்று நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பிரவினின் கை என் முகத்துக்குக் குறுக்கே பாய்ந்தது. சட்டையில் சவர்க்கார வாசம். அடுத்த கணம் என் இடது காதுக்குப் பக்கத்தில் கன்னத்தில் அறைந்தது போல ஒரு சத்தம். பிறகு எல்லோரும் கத்தினார்கள். பிரவின் கையை இழுத்தபோது, அதற்குள் ஒரு வெள்ளைப் பந்து இருந்தது.

வெறுங்கையால் பிடித்திருந்தான். உள்ளங்கை செக்கச்செவேல் என்றிருந்தது. நாற்பது வயது மனிதன் பந்தை உயர்த்திப் பிடித்து, "அப்பா! அப்பா! பாத்தியளே!" என்று குதித்தான். முப்பது வருடமாகக் காத்திருந்த பந்து. பந்தை என் கையில் வைத்தான். வைத்ததுதான் தெரியும், என் கை தானாக மேலே எழும்பியது, மைதானத்தைப் பார்த்து. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க எறியிறேல்லை அப்பா! முப்பது வருசமாச் சொல்லுறன்!"

அப்போது திரையில் எங்களைப் போட்டார்கள்.

முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. மூன்று மாடி உயரத்தில் என் முகம். வாயில் பாதிக் கச்சான். இடப்பக்கத்தில் இருந்து பந்து சுழன்று சுழன்று வருகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் குனிகிறார்கள், தலையைப் பொத்துகிறார்கள், பின்னால் ஒருவர் பியரைக் கொட்டுகிறார். நடுவில் நான் மட்டும், படம் எடுக்க இருத்திவைத்த கிழவன் மாதிரி, நேரே பார்த்து மென்றுகொண்டிருக்கிறேன். பந்து காதுக்கு ஒரு சாண். கண் இமைக்கவில்லை. பிரவினின் கை வருகிறது. பந்து நிற்கிறது. நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

மைதானம் முழுவதும் கைதட்டிச் சிரித்தது. இவரைப் போல நெஞ்சுரமுள்ள தாத்தாவை நான் கண்டதில்லை என்று ஒலிபெருக்கியில் ஒருவர் சொன்னார். மறுபடியும் போட்டார்கள். நான் காணாத பந்தை அப்போதுதான் கண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிச் சனத்துக்குக் காட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"தொப்பியைப் போடுங்கோ அப்பா" என்றான் பிரவின்.

அவன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையில் இருந்த பந்தை எடுத்தான்.

"நேர பாருங்கோ. அந்த மஞ்சள் கம்பத்தைப் பாருங்கோ. தலையைத் திருப்பப்படாது."

பார்த்தேன்.

"பந்து தெரியுதே?"

"இல்லை."

"இப்ப?"

அஜித்தாவின் மெசின் ஞாபகம் வந்தது. இந்த முறை இல்லாததை அமத்தவில்லை. "இல்லை" என்றேன்.

"இப்ப?"

"இல்லை."

"அப்பா, விளையாடாதேங்கோ. இப்ப?"

"இல்லையடா."

பந்து ஏறக்குறைய என் மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் அதன் சிவப்புத் தையல் தெரிந்தது. "ஓம்" என்றேன். அவன் கை அந்த இடத்திலேயே நின்றது. அந்தக் கை தொடங்கிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப இருந்து?"

"எனக்குத் தெரிய வந்தது மாசியில."

"மாசியில இருந்து துஷ்யாவை ஏத்திக்கொண்டு…"

வியாழக்கிழமையைச் சொன்னேன். சைக்கிள், அவள் கத்தியது, டேவிட், நான் அவளுக்குச் சொன்ன புத்திமதி, எல்லாவற்றையும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் சொன்ன கதைகளில் இவ்வளவு சின்னது வேறில்லை.

அவன் பந்தைத் தன் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் படியேறிப் போய்விட்டான்.

ஏழாவது சுற்று வந்தது. எல்லோரும் எழுந்து பாடினார்கள். நான் பந்தைக் காவல் காத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு பொடியன்கள் வந்து என்னோடு படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். பெருவிரலை உயர்த்திச் சிரித்தேன். பயமே இல்லையா என்று ஒருவன் கேட்டான். இல்லாமல் என்ன என்றேன். அதையும் பகிடி என்று நினைத்து என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

எட்டாவது சுற்றில், என் இடப்பக்கத்தில், ஒருவரும் இல்லாத இடத்தில் இருந்து பிரவினின் குரல் வந்தது. போனில் ஆங்கிலத்தில் முதலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு வர முடியாது என்றான். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். விமானம், பாஸ்போட், எத்தனையோ சாக்கு இருக்கிறது. நானாக இருந்தால் அப்பாவை முதலை கடித்தது என்றிருப்பேன். அவன் சொன்னான்: "என் அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஆள் இல்லை." அவ்வளவுதான். மறுபக்கத்தில் ஏதோ சத்தமாகச் சொன்னார்கள். "தெரியும். ஆனால் முடியாது" என்றான்.

அவன் சொல்லி அதைக் கேட்டபோதுதான் அது உண்மை என்று எனக்குப் பட்டது.

ஆட்டத்தில் யார் வென்றது என்று இருவருமே கேட்கவில்லை. ரயிலில் ஏறும்போது என் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அன்பாகப் பிடித்ததாகச் சொல்ல முடியாது, கடையில் சாமான் விழாமல் பிடிப்பது போலப் பிடித்தான். கடைசி ஸ்ரேசனான மோர்டனில் கதவு திறந்தபிறகுதான் கதைத்தான்.

"திறப்பைத் தாங்கோ."

கார்ச் சாவியைக் கொடுத்தேன். வளையத்தில் துஷ்யா கட்டிவிட்ட பிளாஸ்டிக் முயலும் போனது.

"பஸ்ஸில நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றேன்.

"முதல்ல உங்களை ஆர் கூட்டிக்கொண்டு போறதெண்டு பாப்பம்." கொஞ்சத் தூரம் நடந்தான். பிறகு நின்றான், திரும்பவில்லை. "நான் அதுக்குச் சிரிச்சனான். கச்சான் கொட்டக் கொட்டச் சிரிச்சனான். ஏனப்பா எனக்கு அப்பிடி ஒரு நிலை வைச்சனீங்கள்?"

நல்ல கேள்வி. என்ன பதில் சொன்னாலும் அவன் நம்பியிருக்கப்போவதில்லை.

வீட்டில் கதவைத் திறந்தவள் கௌசி. பிரவின் அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினான். துஷ்யா தாயின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். திரையில் காட்டிய அந்தக் காட்சி அதற்குள் உலகம் சுற்றி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது.

"அப்பப்பா! நீங்கள் பயப்பிடவே இல்லை! பாருங்கோ, எல்லாரும் ஒளிக்கினம், நீங்கள் சாப்பிடுறியள்!"

எழுபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கதை அது. ஒரு சொல் கூட்டத் தேவையில்லை. சாட்சிக்கு ஒரு மைதானம் நிறையச் சனம், வீடியோ வேறு. நான் சும்மா தலையாட்டினால் போதும்.

பந்தை அவள் கையில் வைத்தேன். "நான் பந்தைக் காணேல்லை, குஞ்சு."

"பொய்."

"பொய் இல்லை. என்ர கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒண்டும் தெரியாது."

"பொய்! எங்க, கண்ணைக் காட்டுங்கோ. பொய்!" சிரித்துக்கொண்டே முழங்காலில் ஏறினாள்.

"டேவிட்டையும் காணேல்லை."

சிரிப்பு நின்றது.

"அவர் டேவிட் இல்லை. எனக்கு அவரைத் தெரியாது. நான் அவரைக் காணேல்லை. நீதான் கண்டனீ. நீ கத்தினபடியால்தான் அவர் உயிரோட வீட்டை போனவர். கத்தாதை எண்டு நான் சொன்னது பிழை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். தகப்பனுடைய பார்வை. எங்கே சிரிப்பு வரும் என்று காத்திருக்கும் பார்வை. வரவில்லை. முழங்காலில் இருந்து இறங்கி, பந்தோடு என் இடப்பக்கமாக நடந்தாள். இரண்டு அடியில் மறைந்துபோனாள்.

"நேர பாருங்கோ" என்றது குரல். "நான் இப்ப எங்க நிக்கிறன்?"

குசினிக்குள் கௌசி அழும் சத்தம் கேட்டது. நான் எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன். சுவர் இருந்தது, மணிக்கூடு இருந்தது. அவளைக் காணவில்லை.

"தெரியேல்லை."

"கிட்டவோ, தூரவோ?"

"தெரியேல்லை, குஞ்சு."

பிறகு, என் காதுக்குள்ளேயே, மூன்று வீடு கேட்க, "அப்பப்பா!" என்று வீரிட்டாள். நான் கதிரையில் இருந்து அரை அடி எழும்பி விழுந்தேன். குசினிக் கதவு படார் என்று திறந்தது.

"அப்பிடித்தான்" என்றேன், அவள் நின்ற பக்கமாகக் கையை நீட்டி. "அப்பிடியே கத்து."